பள்ளியில் பாட்டைப் பயன்படுத்தும் முன்: அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம், படிப்படியாக

"பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கத்தானே, யார் கேட்கப் போகிறார்கள்" என்று சொல்லிக்கொண்டுதான் பல பள்ளிகளில் பாட்டை நகலெடுக்கிறார்கள், வீடியோவில் சேர்க்கிறார்கள். அமெரிக்கச் சட்டம் கல்விக்கு நிறையவே இடம் கொடுக்கிறது, ஆனால் எல்லாவற்றுக்கும் கொடுக்கவில்லை. பாடுவது, நகலெடுப்பது, பதிவு செய்வது, இணையத்தில் ஏற்றுவது என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விதி. அதனால் எந்தப் பாட்டை எடுத்தாலும், அதை வைத்து என்ன செய்யப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

படி 1: பாட்டு யாருடையது என்று பாருங்கள்

ஒரு பாட்டில் இரண்டு உரிமைகள் இருக்கின்றன. மெட்டும் வரிகளும் ஒன்று, அதைப் பாடிப் பதிவு செய்த ஒலிப்பதிவு இன்னொன்று. மாணவி பியானோவில் வாசித்தால் முதலாவதை மட்டும் கவனித்தால் போதும், ஒலிப்பதிவை எடுத்து வீடியோவில் ஒட்டினால் இரண்டுக்கும் அனுமதி வேண்டும். 2026 நிலவரப்படி அமெரிக்காவில் 1930 வரை வெளியான மெட்டும் வரிகளும் பொதுச்சொத்து, அதாவது யாரும் அனுமதியில்லாமல் பயன்படுத்தலாம்; ஒலிப்பதிவு என்றால் 1925 வரைதான். பழைய மெட்டுக்கு யாராவது சமீபத்தில் புதிதாகக் குழுப்பாடல் அமைப்பு (குழுவாகப் பாடுவதற்கேற்ப மாற்றி எழுதிய இசை வடிவம்) எழுதியிருந்தால் அந்த அமைப்புக்குத் தனி உரிமை உண்டு. பலர் சறுக்குவது இங்கேதான்.

படி 2: வகுப்பறைக்குள் என்றால் நிம்மதியாக இருங்கள்

லாப நோக்கமற்ற பள்ளியில், ஆசிரியரும் மாணவரும் நேருக்கு நேர் இருக்கும் வகுப்பில், பாடத்தின் பகுதியாகப் பாட்டைப் போடலாம், பாடலாம், வாசிக்கலாம். சட்டத்தின் 110(1) பிரிவு அதை அனுமதிக்கிறது. இணையவழி வகுப்புக்கு 2002-ல் வந்த டீச் சட்டம் இருக்கிறது, ஆனால் அங்கீகாரம் பெற்ற நிறுவனம், அந்த வகுப்பில் சேர்ந்த மாணவர்களுக்கு மட்டும் என்பது போன்ற நிபந்தனைகள் அதில் உண்டு.

படி 3: மேடை நிகழ்ச்சி

110(4) பிரிவைப் பாருங்கள். வணிக நோக்கம் இருக்கக்கூடாது, பாடுபவருக்கோ ஏற்பாடு செய்பவருக்கோ அந்த நிகழ்ச்சிக்கென்று பணம் தரக்கூடாது (இசை ஆசிரியர் வாங்கும் மாதச் சம்பளம் இதில் சேராது). நுழைவுக் கட்டணம் வைத்தால் செலவு போக மிஞ்சுவது முழுவதும் கல்விக்கோ மதப் பணிக்கோ தொண்டுக்கோ போக வேண்டும், அப்போதும் உரிமையாளர் 7 நாட்களுக்கு முன்னரே எழுத்தில் ஆட்சேபித்தால் நடத்த முடியாது. இசை நாடகங்கள் இந்தச் சலுகைக்குள் வராது, அதற்கு உரிமம் வாங்கியே ஆக வேண்டும். அப்புறம், இது நேரில் நடக்கும் நிகழ்ச்சிக்கு மட்டும். நேரலையாக ஒளிபரப்பினால் கணக்கு வேறு.

படி 4: ஜெராக்ஸ்

ஒரு பள்ளிப் பாடகர் குழுவின் அலமாரியைப் பார்த்திருக்கிறேன். அசல் இசைத்தாள் ஒன்றே ஒன்று, அதன் ஓரத்தில் பழைய ஸ்டேப்ளர் பின் துளைகள். கீழே அதே துளைகளின் கறுப்புப் புள்ளிகளோடு ஜெராக்ஸ் கட்டு, எல்லாப் பிள்ளைக்கும் ஒன்று. அந்த அமைப்பை எழுதியவருக்குக் கிடைத்தது ஒரு பிரதியின் பணம்தான். எனக்கு இது மனசுக்கு ஒப்பவில்லை, விதியும் இதை ஏற்கவில்லை.

1976-ல் பதிப்பாளர்களும் இசை ஆசிரியர் சங்கங்களும் சேர்ந்து வகுத்த வழிகாட்டுதல்கள் இப்போதும் கைகொடுக்கும். விலைக்கு வாங்கிய தாள் தொலைந்தோ நனைந்தோ போய், நாளைக்கே நிகழ்ச்சி என்றால் அவசரத்துக்கு நகல் எடுக்கலாம், பிறகு அசலை வாங்கிவிட வேண்டும். பாடம் நடத்த, மொத்தப் படைப்பில் 10 சதவீதத்துக்கு மிகாத பகுதியை மாணவருக்கு ஒரு நகல் வீதம் தரலாம், ஆனால் அந்தப் பகுதி தனியாக மேடையேற்றக்கூடிய முழு அங்கமாக இருக்கக்கூடாது. வாங்கிய தாளைப் பிள்ளைகளுக்கு எளிமையாக்கிக்கொள்ளலாம், வரிகளை மாற்றக்கூடாது. பயிற்சிப் புத்தகங்களை நகலெடுக்கவே கூடாது.

படி 5: பதிவும் யூடியூபும்

மாணவர்கள் பாடுவதை ஒத்திகைக்கோ மதிப்பீட்டுக்கோ ஒரு பிரதி பதிவு செய்து வைத்துக்கொள்ளலாம். அதையே யூடியூபில் ஏற்றினால் படத்தோடு இசையை இணைப்பதற்கான சிங்க் உரிமம் தேவைப்படும். "30 விநாடி வரை போடலாம்" என்று ஒரு பேச்சு சுற்றுகிறது, தயவுசெய்து நம்பாதீர்கள், சட்டத்தில் அப்படி ஒரு வரியே இல்லை. 107-வது பிரிவு சொல்லும் நியாயமான பயன்பாடு, அதாவது ஃபேர் யூஸ், நான்கு விஷயங்களைச் சேர்த்துப் பார்க்கிறது: எதற்காகப் பயன்படுத்துகிறீர்கள், அது எப்படிப்பட்ட படைப்பு, எவ்வளவு எடுத்தீர்கள், அதனால் அதன் சந்தைக்கு என்ன பாதிப்பு. ஒரு பாட்டின் தாளக்கட்டை விளக்க நாலு வரி போட்டு நிறுத்தி, மாணவர் அதைப் பற்றிப் பேசும் வீடியோவுக்கு நல்ல வாதம் இருக்கிறது. சுற்றுலாப் படங்களுக்குப் பின்னணியாக முழுப் பாட்டையும் ஓடவிட்டால் அந்த வாதம் எடுபடுவது கஷ்டம்.

படி 6: சந்தேகமா? கேட்டுவிடுங்கள்

பதிப்பாளரின் உரிமப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் போதும். பாட்டின் தலைப்பு, இசையமைத்தவர், அமைப்பு எழுதியவர், எத்தனை பிரதி, எந்தத் தேதியில் நிகழ்ச்சி, வீடியோ எங்கே, எத்தனை நாள் இருக்கும் என்று எல்லாவற்றையும் முதல் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். பதில் வரத் தாமதமாகலாம், ஒத்திகை தொடங்குவதற்கு முன்பே அனுப்புங்கள். வந்த பதிலை அச்செடுத்து அந்த இசைத்தாள்களோடு அதே கோப்பில் வைத்துவிட்டால், அடுத்த வருடம் வேறு ஆசிரியர் வந்தாலும் அவர் கைக்கு அது கிடைக்கும்.