தேயிலைச் சரிவில் ரோபோ: அறிவியல் புனைகதையில் சறுக்கும் இடங்கள்

நீலகிரியைக் களமாக வைத்து எழுதும் அறிவியல் புனைகதையில் ரோபோ நுழைந்ததும் கொழுந்து பறிக்கும் பெண்கள் காணாமல் போய்விடுகிறார்கள். ‘2090இல் எல்லாம் இயந்திரமே பறித்தது’ என்று ஒரே வரி. நிஜத்தில் அந்த வேலை வேறு யார் தலையிலாவது போய் விழும்.

பறிப்பையே பாருங்கள். ஒரே செடியில் இன்று கிள்ள வேண்டிய இரண்டு இலை ஒரு மொட்டும், அடுத்த சுற்றுக்கு விட வேண்டிய இளந்துளிரும், முற்றிய இலையும் கலந்தே நிற்கும். பழகிய விரல் நொடியில் பிரித்துவிடும். கத்தி வைத்த இயந்திரமோ மட்டமாகச் சீவிக்கொண்டு போகும்; தண்டும் கரட்டு இலையும் சேர்ந்தே வரும். அப்படியானால் தொழிற்சாலை வாசலில் யாராவது உட்கார்ந்து பொறுக்கியாக வேண்டும். சீவியதை ட்ரோன் மூட்டையில் அமுக்கித் திணித்தால் இன்னொரு கேடு: பறித்த பிறகும் இலை மூச்சு விடும், உள்ளே சூடேறிச் சிவந்துபோகும். ஒரு கிலோ தூளுக்கே நாலு கிலோவுக்கு மேல் பசுந்தேயிலை வேண்டும். அந்த நஷ்டத்தை யார் சம்பளத்தில் பிடிப்பார்கள்? கதை கிடப்பது அங்கேதான்.

அடுத்தது இயந்திர உடுப்பு, அதாவது உடம்பின் மேல் மாட்டிக்கொள்ளும் மோட்டார் சட்டகம். பறிக்கும் பெண் அதை மாட்டியதும் களைப்பே இல்லாமல் மேட்டில் ஓடுவதாக எழுதிவிடுகிறார்கள். கணக்குப் போடுங்கள். 55 கிலோ ஆள், முதுகில் 20 கிலோ இலை, 100 மீட்டர் உயரம் ஏற்றம்: சுமார் 73 கிலோஜூல் வேலை. தசை செலவழிக்கும் சக்தியில் ஏறக்குறைய கால்வாசிதான் வேலையாக மாறும், மீதி வெப்பம். ஆக உடல் சுமார் 70 கிலோகலோரி எரிக்க வேண்டும். உடுப்பு 10 கிலோ என்றால், அது தன் எடையையாவது தானே தாங்குகிறதா என்று முதலில் முடிவு செய்யுங்கள். பேட்டரி தீர்ந்ததும் அந்த 10 கிலோவும் அவள் தோளில்தான். உடம்பை மூடிக் கட்டினால் வியர்வை ஆறாது. ஊட்டிக் குளிரிலும் உள்ளே புழுங்கும். செடிகளுக்கு நடுவே உடம்பை ஒடுக்கித்தான் நுழைய வேண்டும். முழங்காலில் துருத்தும் மோட்டார் முதல் வரிசையிலேயே கிளையில் மாட்டும்.

சோலாரை நம்பி எழுதினால் மாதத்தையும் ஊரையும் பாருங்கள். கூடலூர், குந்தா பக்கம் தென்மேற்குப் பருவமழையில் நனையும். குன்னூர், கோத்தகிரிக்கு வடகிழக்குதான் பெரிய மழை.

மலையைச் சமன்செய்துதான் எதையும் நிறுவ முடியும் என்பதும் தப்பு. 1970இல் ஊட்டி முத்தொரையில் இயங்கத் தொடங்கிய ரேடியோ தொலைநோக்கி, 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்டது. வடக்கு தெற்காகச் சரிவிலேயே கிடக்கிறது. அந்தச் சரிவு ஏறக்குறைய 11 டிகிரி, ஊரின் அட்சரேகையும் அதே. அதனால் அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக நிற்கிறது. அந்த ஒரே அச்சில் சுழன்றபடி வானப் பொருளை மணிக்கணக்கில் பின்தொடர முடிகிறது. உங்கள் வேற்றுக்கிரகவாசி எந்த மூலையிலிருந்து பேசினாலும் அது உடனே கேட்டுவிடும் என்று மட்டும் எழுதாதீர்கள். வானத்தின் அந்தப் பகுதி அதன் பார்வைக்குள் வர வேண்டும்.