எழுத்தின் சுழியை அடைக்காதீர்கள்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு சேலைக் கடைக்குப் பெயர்ப்பலகை வடிவமைத்தேன். விண்கலத்தில் எழுதியதுபோல, தடிமனாக, முனையெல்லாம் உருண்டையாக எழுத்து வேண்டும் என்றார் கடைக்காரர். கணினித் திரையில் அழகாகத்தான் இருந்தது. பலகையை மாட்டியபின் சாலையின் எதிர்ப்பக்கம் நின்று படித்தேன். 'சேலை' என்பது 'செலை' ஆகியிருந்தது. கொம்பின் மேல்சுழி முழுக்க அடைத்துப்போயிருந்தது. பெரிய தவறு இதுதான், நான் செய்தது.

இந்தப் பாணி ரோமன் எழுத்தில் வளர்ந்தது. 1952-இல் இத்தாலியில் வந்த மைக்ரோகிராமா என்ற எழுத்துருவில் பெரிய எழுத்துகள் மட்டுமே இருந்தன. 1962-இல் எழுத்துரு வடிவமைப்பாளர் ஆல்டோ நோவாரெசே அதை யூரோஸ்டைல் என்ற எழுத்துருவாக விரித்தார். ரோமன் 'O', 'D' போன்றவற்றில் நடுவில் ஒரே ஒரு பெரிய வெளிதான். எவ்வளவு தடிமனாக்கினாலும் தாங்கும். நம் ண, ள, ழ, ஞ அப்படியில்லை. சுழிக்குள் சுழி, அதற்குமேல் புள்ளி வேறு. கோடு தடிக்கத் தடிக்க உள்ளே இருக்கும் வெளி சுருங்கும். ண-வும் ன-வும் ஒன்றுபோலத் தெரியும். புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும்.

கோலாலம்பூரில் இன்னொரு சிக்கலும் உண்டு. மாநகர் மன்ற விதிப்படி பலகையில் மலாய்தான் முதன்மையாக இருக்க வேண்டும். தமிழ் பெரும்பாலும் கீழே, சிறிய வரியாக வரும். பெரிய அளவுக்கென்றே வரைந்த எழுத்தைக் கொண்டுபோய் அந்தச் சிறிய வரியில் போட்டால் சுழி மிஞ்சுமா? மேல்வரி தடிமனாக இருக்கட்டும். தமிழ் வரிக்கு அதே எழுத்துருக் குடும்பத்தில் மெல்லிய கோடுள்ள வடிவை எடுங்கள், எழுத்துகளுக்கு இடையே கொஞ்சம் இடம் விடுங்கள். 'சேலை', 'அண்ணன்', 'வெள்ளி' என்று எழுதி, பலகையில் வரப்போகும் அதே அளவில் அச்செடுத்துச் சுவரில் ஒட்டி, தெருவின் அகலத்துக்குத் தள்ளி நின்று படித்துப் பாருங்கள். உள்ளே விளக்கு எரியும் பலகை என்றால் இன்னும் ஒரு படி மெல்லியதாக எடுங்கள். இரவில் வெளிச்சம் கசிந்து எழுத்து ஊதித் தெரியும்.

மென்பொருளில் 'போல்டு' பொத்தானை அழுத்தித் தடிமனாக்குவதும், எழுத்தை இழுத்து அகலமாக்குவதும் வேண்டவே வேண்டாம். அகலமாக இழுத்தால் நிற்கும் கோடு தடிக்கும், படுத்த கோடு அப்படியே இருக்கும்.

அப்புறம், இந்த விண்கலப் பாணியில் கிடைக்கும் ஆர்பிட்ரான் என்ற இலவச எழுத்துருவில் தமிழே கிடையாது. அதில் தட்டச்சு செய்தால் கணினி வேறொரு சாதாரணத் தமிழ் எழுத்தைக் கொண்டுவந்து வைக்கும். மேல்வரி எதிர்காலத்திலும் கீழ்வரி பாடப்புத்தகத்திலும் நிற்கும். தமிழுக்கென்றே உருண்டையாக, தடிமனாக வரைந்த பலூ தம்பி என்ற எழுத்துரு இலவசமாகவே கிடைக்கிறது. விண்கலச் சாயல் அதில் இல்லைதான், ஆனால் சுழிகளை அறிந்த கை வரைந்தது.

தொலைபேசி எண்ணை மட்டும் இந்தப் பாணியில் எழுதாதீர்கள். தூரத்தில் 6, 8, 0 மூன்றும் ஒன்றாகிவிடும்.