வெளிச்சுவருக்குப் பெயின்ட் அடிக்கும் முன்

கடலூரில் எங்கள் வீட்டு மேற்குச் சுவரில் அடித்த பெயின்ட், இரண்டே மழைக்காலத்தில் அப்பளம் போலப் பொரிந்து உதிர்ந்தது. இந்த முறை மாசி வெயிலில் நானே சுவரைத் தயார் செய்தேன்.

சன்ஷேடுக்குக் கீழே சுரண்டிய இடத்தில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. விரல் வைத்தால் மாவாக ஒட்டியது. நீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள் இறங்கிவிடும். அதனால் கம்பி பிரஷால் உலர்வாகவே தேய்த்துத் தள்ளினேன். ஆனால் ஈரம் வரும் வழி அடைபட வேண்டுமே! அண்ணாந்து பார்த்தால், சன்ஷேடு சுவரோடு சேரும் இடத்தில் மயிரிழை விரிசல். அதை உளியால் சற்று அகலப்படுத்தி, தூசி தட்டி, விரிசல் அடைக்கும் பசையை அழுத்தி நிரப்பினேன்.

பாசி பிடித்த அடிச்சுவரை பிளீச்சிங் பவுடர் கரைசலில் ஊறவிட்டுத் தேய்த்துக் கழுவினேன். அதோடு ஆசிட்டை மட்டும் சேர்த்துவிடாதீர்கள், நச்சு வாயு கிளம்பும்.

பெயின்டர் அவசரப்படுத்தினார், நான் இசையவில்லை. ஒரு வாரம் காயவிட்டு, பாலிதீன் தாளை நான்கு ஓரமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டினேன். மறுநாள் தாளின் உட்புறம் வியர்க்கவில்லை, சுவரில் ஈரம் இல்லை என்று தெரிந்தது. பிறகுதான் பெயின்டுக்கு அடியில் பூசும் பிரைமர்.

ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்துவிட்டது. சன்ஷேடுக்கு அடியில் விரல் வைத்துப் பார்த்தேன், மாவு ஒட்டவில்லை.