மகளின் காதில் சீழ் நின்ற கதை

என் மகளுக்கு 10 மாதத்திலிருந்து ஒன்றரை வயதுக்குள் 4 முறை காதில் சீழ். முதலில் சளி, மூன்றாம் நாள் காய்ச்சல், ராத்திரி காதைப் பிடித்து இழுத்து அழுகை, விடிந்தால் தலையணை உறையில் மஞ்சள் கறை.

காய்ச்சிய எண்ணெய் இரண்டு சொட்டு விடச் சொன்னார் அம்மா. நல்லவேளை, விடவில்லை. செவிப்பறையில் ஓட்டை இருந்திருக்கிறது.

காது மூக்கு தொண்டை டாக்டர் முதலில் கேட்டது, "பால் எப்படிக் கொடுக்கிறீங்க?" படுக்க வைத்து, புட்டியில், தூங்கும்வரை. மூக்கின் பின்புறத்தையும் நடுக்காதையும் இணைக்கும் குழாய் குழந்தைகளுக்குக் குட்டையாக, கிட்டத்தட்டப் படுக்கைவாட்டில் இருக்குமாம். சளியும் பாலும் அதில் சுலபமாக ஏறிவிடும்.

அன்றிலிருந்து மடியில் நிமிர்த்தி வைத்துத்தான் பால். அப்புறம் புட்டியையே விட்டு டம்ளருக்கு மாற்றினோம். மூன்று ராத்திரி யாருக்கும் தூக்கமில்லை! அழுகை நின்றாலும் ஆன்டிபயாட்டிக்கைச் சொன்ன நாள்வரை கொடுத்தோம். காதில் சீழ் வைக்கும் கிருமிகளில் ஒன்றைத் தடுக்கும் நிமோகாக்கல் தடுப்பூசி விட்டுப்போயிருந்தது, அதையும் போட்டோம். பீடிப் புகையும் குழந்தையின் காதுக்கு ஆகாது என்பதால், மாமனாரின் பீடிதான் பெரிய பஞ்சாயத்து. திண்ணையிலிருந்து தெருமுனைக்குப் போனது, இன்னும் முறைத்துக்கொண்டுதான் போகிறார்.

11 மாதம் ஆகிவிட்டது. சளி இரண்டு முறை வந்தது. தலையணை உறையில் கறை இல்லை.