கிரிட் எண்ணை மட்டும் பார்த்து ரைடரை எடை போடாதீர்கள்

2020-ல் மோட்டோஜிபி என்ற உலக பைக் பந்தயத் தொடரின் சாம்பியன் ஜோன் மிர் அந்த ஆண்டு ஒரு போல்கூட, அதாவது தகுதிச் சுற்றில் முதலிடம்கூட, எடுக்கவில்லை. நான்கு போல் எடுத்த ஃபாபியோ குவார்தராரோ எட்டாம் இடத்தில் முடித்தார். இதைக் காட்டி, தகுதிச் சுற்றில் ஒன்றுமில்லை என்று சிலர் வாதிடுகிறார்கள். வேறு சிலர் போல் எண்ணிக்கையை வைத்தே யார் பெரிய ரைடர் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இரண்டுமே தவறு.

முதல் பிழை, கிரிட் எண்தான், அதாவது ரேஸ் தொடங்கும்போது நிற்கும் இடம்தான், வேகத்தின் வரிசை என்று நினைத்துக்கொள்வது. வெள்ளி மதியப் பயிற்சியில் முதல் பத்து இடம் பிடித்தவர்கள் நேராக க்யூ2 போவார்கள்; முதல் 12 இடங்களை முடிவு செய்யும் தகுதிச் சுற்றுக் கட்டம் அது. மற்றவர்களுக்கு அதற்கு முந்தைய கட்டமான 15 நிமிட க்யூ1. அதில் முதல் இருவருக்கு மட்டுமே மேலே வழி. மூன்றாவதாக வந்தவர், க்யூ2-வில் 11-வது வந்தவரைவிட வேகமான லேப் ஓட்டியிருந்தாலும், 13-வது இடத்தில்தான் நிற்பார். அதனால் எண்ணை விட்டுவிட்டு நேரத்தைப் பாருங்கள். அதே பைக்கை ஓட்டும் அணித் தோழரைவிட எத்தனை பத்தில் ஒரு பங்கு வினாடி முன்பின் என்பதே நம்பத்தக்க அளவு.

அந்த லேப் எப்படி வந்தது என்பதும் முக்கியம். மஞ்சள் கொடி காட்டிய பகுதியைக் கடந்திருந்தாலோ, டிராக் எல்லையைத் தாண்டியிருந்தாலோ அந்த லேப் ரத்து. முன்னால் போகும் பைக்கின் காற்று மறைவில் இழுபட்டு வந்த லேப்பும் உண்டு. 2021-ல் இத்தாலியின் முஜெல்லோ டிராக்கில் மார்க் மார்க்கேஸ், வின்யாலெஸின் பின்னால் ஒட்டிக்கொண்டு லேப் போட்டு க்யூ2-வுக்குப் போனார். வின்யாலெஸ் க்யூ1-லேயே நின்றுவிட்டார். தாளில் இருந்த இடைவெளி இருவரின் வேகத்தைச் சொல்லவில்லை.

அடுத்தது, ஒரு லேப் வேகத்தையும் ரேஸ் வேகத்தையும் ஒன்றாகப் பார்ப்பது. தகுதிச் சுற்றில் புது சாஃப்ட் டயர், டேங்கில் சில லிட்டர் பெட்ரோல். ரேஸ் தொடங்கும்போது 22 லிட்டர் வரை, அதாவது ஏறக்குறைய 16 கிலோ. அதோடு இருபது லேப்புக்கு மேல் டயரைக் காப்பாற்ற வேண்டும். 2020-ல் மிர் ஓட்டிய சுஸுகி பின் டயரைக் கெடுக்காது. ஆனால் புது டயரின் முழுப் பிடிப்பை ஒரே லேப்பில் கறக்கவும் அதற்கு வராது. குவார்தராரோவின் அன்றைய யமஹா தனியாக ஓடினால் பறக்கும். கூட்டத்தில் சிக்கினால் நேர்ப்பாதை வேகம் போதாமல் திணறும்.

போல் இல்லாமலும் ஜெயிக்கலாம் என்ற இந்த 2020 அளவுகோலை இன்றைக்கும் அப்படியே வைத்துப் பேசுவது எல்லாவற்றையும்விடப் பெரிய பிழை. காற்றின் விசையால் பைக்கைத் தரையோடு அழுத்தும் ஏரோ இறக்கைகளும், பைக்கைத் தாழ்த்தும் ரைட்-ஹைட் சாதனமும் முந்துவதைக் கடினமாக்கிவிட்டன. முன்னால் போகும் பைக்கின் சூடான காற்றில் முன் டயர் வெந்து அழுத்தம் ஏறும். பிரேக்கைப் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். முன் டயரில் குறைந்தது 1.8 பார் அழுத்தம், ரேஸின் 60 சதவீத லேப்களில் இருக்க வேண்டும் என்பது விதி. கூட்டத்தில் ஓடுவோம் என்று கணித்தால் அணி குறைவாகக் காற்றடிக்கும், முன்னணியில் தனியாக ஓடுவோம் என்றால் கூட்டி அடிக்கும். கிரிட் இடத்தைப் பார்த்துத்தான் இந்தக் கணிப்பு. கணிப்பு தவறி அழுத்தம் குறைந்துவிட்டால் 16 வினாடி தண்டனை: 2025 கத்தாரில் இரண்டாவதாகக் கோட்டைத் தாண்டிய வின்யாலெஸ் 14-வது இடத்துக்குத் தள்ளப்பட்டார். போதாததற்கு, 2023 முதல் சனிக்கிழமை நடக்கும் ஸ்பிரிண்ட் என்ற குறும் ரேஸுக்கும் அதே கிரிட்தான். ஒரு சொதப்பல் லேப் இரண்டு ரேஸைப் பாதிக்கும். ஸ்பிரிண்ட் வெற்றிக்கு 12-ம் ரேஸ் வெற்றிக்கு 25-ம் சேர்ந்து 37 புள்ளிகள் பணயத்தில் இருக்கின்றன. 2027-ல் ரைட்-ஹைட் சாதனங்கள் தடையாகி ஏரோவும் குறையும்போது அளவுகோலை மறுபடி மாற்ற வேண்டியிருக்கும்.

முதல் லேப்பையும் மறக்கக் கூடாது. 2023-ல் இந்தியாவின் புத் சர்க்யூட்டில் போல் எடுத்த பெட்செக்கியை ஸ்பிரிண்டின் முதல் வளைவிலேயே அணித் தோழர் மரினி மோதிவிட்டார். பெட்செக்கி பின்னுக்குப் போய், ஐந்தாவதாக முடித்தார். மறுநாள் ரேஸில் கிரிட்டின் அதே முதல் இடத்திலிருந்து கிளம்பி 8 வினாடிக்கு மேல் இடைவெளியில் வென்றார்.

ஒரு ரைடரை ஒழுங்காக மதிப்பிட, ரேஸுக்கு நான்கு எண்கள் குறித்து வையுங்கள்: அணித் தோழரோடு தகுதிச் சுற்று நேர வித்தியாசம், கிரிட் இடம், முதல் லேப் முடிவில் இடம், ரேஸ் முடிவில் இடம். கிரிட் தண்டனை வாங்கியிருந்தால் கிரிட் இடத்தோடு தகுதிச் சுற்றில் பிடித்த இடத்தையும் எழுதுங்கள். ஈரத்தில் நடந்த தகுதிச் சுற்றுகளைத் தனிப் பக்கத்தில் வையுங்கள். அவற்றை உலர்ந்த டிராக் கணக்கோடு கலந்தால் சராசரியே பொய்யாகிவிடும்.