குளிர்காலத்தில் ஹெல்சிங்கியின் கடலோரப் பசுமை விடுதிகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற ஜனவரியில், பணி நிமித்தமாக முதன்முறை ஹெல்சிங்கி வந்த இளம் சகாக்கள் இருவரை அவர்கள் தங்கியிருந்த விடுதி அறையில் பார்க்கச் சென்றேன். சன்னல் ஒரு விரற்கடை அளவு திறந்திருந்தது. காற்று வரும் துளையில் துண்டு ஒன்று திணிக்கப்பட்டிருந்தது. அறையின் வெப்பநிலையை அமைக்கும் தெர்மோஸ்டாட் உச்ச எண்ணில் நின்றது. இருவரும் கோட்டைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் அமர்ந்து, அறை சூடாகவே இல்லை என்று வரவேற்பு மேசைக்குத் தொலைபேசியில் முறையிட்டுக்கொண்டிருந்தார்கள். பத்தாண்டுகளுக்கும் மேலாக இந்த நகரத்துக்கு வந்துபோகும் நான், என் முதல் குளிர்காலத்தில் இதையே, ஏறத்தாழ இதே வரிசையில் செய்தேன். ஆகவேதான் இதை எழுதுகிறேன். தடித்த கோட்டு, பயணக் காப்பீடு, பாஸ்போர்ட் நகல் ஆகியவற்றைப் பற்றி எவரும் சொல்லிவிடுவார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

"பசுமை" என்ற சொல்லை மட்டும் நம்பி அறை எடுப்பது

சந்தைச் சதுக்கத்திலிருந்து சில நிமிட நடையில், கதயநொக்கா கரையில், சோலோ சோக்கோஸ் பியர் 4 என்ற விடுதி 2024இல் திறக்கப்பட்டது. அது அமைந்துள்ள கட்டிடத்தைத் தாங்கி நிற்பது பெரும்பாலும் மரம். ஸ்டோரா என்சோ என்ற மர, காகித நிறுவனத்தின் தலைமையகமும் அதே கட்டிடத்தில்தான் இருக்கிறது. மரம் வளரும்போது உறிஞ்சிய கார்பன், கட்டிடம் நிற்கும் வரை அதற்குள்ளேயே தங்கியிருக்கும். சிமெண்டைத் தயாரிக்கும்போதோ கார்பன் வெளியேறுகிறது. இங்கே பசுமை என்பது விளம்பர வாசகமாக இல்லாமல் சுவரிலும் உத்தரத்திலும் கண்ணுக்குத் தெரிகிறது.

எல்லா இடங்களிலும் அப்படித் தெரியாது என்பதால் சான்றிதழ்களைப் பிரித்தறியப் பழக வேண்டும். லீட், பிரீயம் ஆகியவை முதன்மையாகக் கட்டிடத்தை மதிப்பிடுபவை. 1989இல் வட ஐரோப்பிய நாடுகளின் நார்டிக் அமைச்சர்கள் அவை தொடங்கிய நார்டிக் ஸ்வான் முத்திரையும், 1994இல் டென்மார்க்கில் தோன்றிய கிரீன் கீயும், விடுதி அன்றாடம் எப்படி நடத்தப்படுகிறது என்பதை, அதாவது மின்சாரம், தண்ணீர், சலவை, குப்பை, உணவு ஆகியவற்றை, மதிப்பிடுபவை. முதல் வகை மட்டும் இருந்தால் நல்ல கட்டிடம் என்றும், இரண்டாவது மட்டும் இருந்தால் நல்ல நிர்வாகம் என்றும் கொள்ளலாம். இரண்டில் ஒன்றுகூட இல்லாமல் இலைப் படம் மட்டும் போட்டிருக்கும் இடத்துக்கு நான் கூடுதலாக ஒரு யூரோ கூடக் கொடுப்பதில்லை.

அறையோடு போராடுவது

எனக்கு இன்றும் எரிச்சலூட்டும் தவறு இதுதான்.

என் முதல் குளிர்காலப் பயணத்தில், துறைமுகப் பகுதியில் அப்போது புதிதாகத் திறந்திருந்த விடுதி ஒன்றில் ஐந்து இரவுகளுக்கு, பணம் திரும்பக் கிடைக்காத கட்டணத்தில் அறை எடுத்திருந்தேன். வெளியே பூச்சியத்துக்குக் கீழே பதினைந்து டிகிரி. அறைத் திரையில் 21 என்று இருந்தது. எனக்கோ குளிர்ந்தது. எண்ணை உச்சத்துக்கு ஏற்றினேன். ஒரு மணி நேரம் கழித்தும் மாற்றம் எதுவும் தெரியவில்லை. கட்டிலுக்கு மேலிருந்த துளையிலிருந்து மெல்லிய குளிர்காற்று வருவதைக் கண்டு, யாரோ ஏசியை நிறுத்த மறந்துவிட்டார்கள் என்று எண்ணி, அதைத் துண்டால் அடைத்தேன். நள்ளிரவில் அறை புழுங்கியது, தலை கனத்தது. சன்னலைத் திறந்துவிட்டு உறங்கிப்போனேன். மூன்று மணிக்கு நடுங்கியபடி விழித்தபோது அறை உண்மையாகவே சில்லிட்டிருந்தது. காலையில் தொண்டை கட்டிவிட்டது. அறையில் ஏதோ கோளாறு என்று முடிவுகட்டி, மீதி நான்கு இரவுகளுக்கான ஐந்நூறு யூரோவுக்கும் அதிகமான தொகையை இழந்து, வேறு விடுதிக்கு மாறினேன். எதற்காக அவ்வளவு தூரம் பயணம் செய்தேனோ அந்தக் கூட்டத்தில் என்னால் பத்து நிமிடம்கூடத் தொடர்ந்து பேச முடியவில்லை.

அறையில் ஒரு கோளாறும் இருந்திருக்கவில்லை. கட்டிடங்களின் காற்றோட்ட அமைப்புகளை வடிவமைக்கும் பொறியாளர் ஒருவர் பின்னொரு நாள் விளக்கியபோதுதான் அது புரிந்தது. இத்தகைய கட்டிடம் காற்றுப்புகாமல் அடைக்கப்பட்டது. சன்னலில் மூன்று அடுக்குக் கண்ணாடி இருக்கும். மூச்சுவிடத் தேவையான காற்று முழுவதும் குழாய் வழியாக வருகிறது. குளியலறை வழியாக வெளியேறும் பழைய காற்றின் வெப்பத்தில் பெரும்பகுதி கட்டிடத்திலேயே பிடிக்கப்பட்டு, உள்ளே வரும் புதிய காற்றுக்கு ஏற்றப்படுகிறது. அப்படி வரும் காற்று அறையைவிடச் சில டிகிரி குறைவாக இருப்பது இயல்பு. அதைத்தான் நான் ஏசி என்று எண்ணி அடைத்தேன். அடைத்ததும் புதிய காற்று நின்று, மூச்சுக்காற்று தேங்கி, தலை கனத்தது.

சன்னலைத் திறந்தது அதைவிடப் பெரிய தவறு. இவ்வகை விடுதிகள் பலவற்றில் சன்னல் சட்டத்தில் உணரி ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். சன்னல் திறந்ததும் அந்த அறையின் வெப்பமூட்டல் தானாகவே நின்றுவிடும். வெப்பத்தைத் தெருவுக்கு அனுப்பக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. தெர்மோஸ்டாட்டும் நம் ஊர் ஏசி ரிமோட்டைப் போன்றதன்று. மைய அமைப்பு அனுமதிக்கும் இரண்டு மூன்று டிகிரிக்குள்தான் அது நகரும். அந்த மாற்றமும் தெரியவரச் சில மணி நேரம் ஆகும். பின்லாந்தின் கட்டிட விதிகளே குளிர்காலத்துக்கு 21 டிகிரியை வடிவமைப்பு வெப்பநிலையாக வைத்திருப்பதால், 26 டிகிரி கேட்டு வரவேற்பு மேசையில் சண்டை போடுவதில் பயனில்லை.

பிறகு ஏன் குளிர்கிறது? உலர்வு ஒரு காரணம். பூச்சியத்துக்குக் கீழே பதினைந்து டிகிரியில் இருக்கும் காற்றில் ஈரம் மிகக் குறைவு. அதை 21 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் ஈரப்பதம் பத்து விழுக்காட்டுக்கும் கீழே இறங்கிவிடுகிறது. அந்தக் காற்று தோலிலிருந்தும் தொண்டையிலிருந்தும் ஈரத்தை இழுப்பதால், திரையில் 21 என்று இருந்தாலும் உடல் அதை நம்புவதில்லை. சென்னையின் ஈரக் காற்றில் வளர்ந்த நமக்கு இது கூடுதலாகவே உறைக்கும். எண்ணை ஏற்ற ஏற்றக் காற்று மேலும் உலரும்.

செய்ய வேண்டியவை எளியவை. அறைக்குள் நுழைந்ததும் எண்ணை 22இல் வைத்துவிட்டு மறுநாள் காலை வரை தொடாதீர்கள். நனைத்துப் பிழிந்த துண்டு ஒன்றை நாற்காலி முதுகில் விரித்து வையுங்கள். கம்பளிக் காலுறை போட்டுக்கொள்ளுங்கள். இரண்டாவது போர்வையைக் கேளுங்கள். எந்த விடுதியும் மறுக்காது. கட்டில் காற்றுத் துளைக்கு நேர் கீழே இருந்தால் தலைமாட்டை மாற்றிப் படுங்கள். மேசைமீது இருக்கும் சிறிய அட்டையைப் படியுங்கள். சன்னல் பற்றிய குறிப்பு நான் தங்கிய அறையிலும் அந்த அட்டையில் இருந்தது. நான் காலையில் பெட்டி கட்டும்போதுதான் பார்த்தேன்.

குப்பித் தண்ணீர் வாங்குவது

பையான்னே ஏரியிலிருந்து 120 கிலோமீட்டர் பாறைச் சுரங்கம் வழியாக வரும் நீர்தான் இந்த நகரத்தின் குழாய்களில் வருகிறது. குளிர்நீர்க் குழாயில் பிடித்துக் குடியுங்கள். வெந்நீர்க் குழாயில் வேண்டாம்.

டிசம்பரில் கடல் பார்த்த அறைக்குக் கூடுதல் கட்டணம்

பகல் ஏறத்தாழ ஆறு மணி நேரம்தான். வேலைக்குச் செல்பவர் கடலைப் பார்க்கப்போவதில்லை. ஜூனில் தாராளமாகக் கொடுங்கள்.

"வி.எல்." என்றால் சைவம் என்று எண்ணுவது

காலை உணவு மேசையில் "வி.எல்." என்றால் லாக்டோஸ் எனும் பால் சர்க்கரை குறைந்தது, "எல்." என்றால் லாக்டோஸ் இல்லாதது. இரண்டுக்கும் சைவத்துக்கும் தொடர்பில்லை. சைவத்தைக் குறிக்கும் "கஸ்விஸ்" என்ற சொல்லைத் தேடுங்கள், அல்லது கேட்டுவிடுங்கள்.

சானாவையும் கடலையும் அவசரமாக முடிப்பது

சானா என்பது சூடான அறையில் படிப்படியான பலகைகளில் அமர்ந்து வியர்க்கும் குளியல். பின்லாந்தின் சானா பண்பாட்டை 2020இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. விடுதிச் சானாக்கள் பெரும்பாலும் ஆண், பெண் எனத் தனித்தனியாக இருக்கும். அங்கே ஆடையில்லாமல் அமர்வதே வழக்கம். கூச்சமிருந்தால் துண்டைச் சுற்றிக்கொள்ளலாம், யாரும் கேட்க மாட்டார்கள். இருபாலரும் சேர்ந்து அமரும் பொதுச் சானாக்களில் நீச்சலுடை தேவைப்படும். உள்ளே போகுமுன் குளித்துவிட வேண்டும், பலகையில் துண்டு விரித்து உட்கார வேண்டும், கற்களின்மீது தண்ணீர் ஊற்றுமுன் அருகில் இருப்பவரைக் கேட்க வேண்டும். புதிதாக வருபவர் நேராக, வெப்பம் மிகுந்த மேல் படிக்கு ஏறிவிடுகிறார். கீழ்ப் படியில் தொடங்குவது நல்லது.

கரையோரம் தங்கியிருந்தால் அடுத்தபடியாகக் கடலில் இறங்கத் தோன்றும். இரத்த அழுத்தமோ இதய நோயோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இறங்கக் கூடாது. மற்றவர்கள் தனியாக இறங்க வேண்டாம், குதிக்கவும் வேண்டாம். உறைபனியில் ஈரக் கால் ஒட்டிக்கொள்ளும் என்பதால் ரப்பர் காலணி அணிந்து, ஏணியின் இரண்டு கைப்பிடிகளையும் பிடித்தபடி கழுத்துவரை மெதுவாக இறங்கி, தலையை நனைக்காமல், மூச்சை அடக்காமல், பத்து எண்ணி மேலே வந்துவிடுங்கள்.