பாட்காஸ்ட் தொடங்க எந்த மைக்? முதலில் அறையைக் கேளுங்கள்

பாட்காஸ்ட் தொடங்க விரும்பும் பலரும் முதலில் கேட்பது, "எந்த மைக் வாங்கலாம்?" என்றுதான். இன்றைக்கு எதையும் வாங்க வேண்டாம் என்பதே என் பதில்.

முதல் படி: அறை

பேசப் போகும் அறையின் கதவைச் சாத்திவிட்டு, கைப்பேசியில் ஒரு நிமிடம் எதையாவது வாசித்துப் பதிவுசெய்யுங்கள். அதை ஹெட்போனில் கேளுங்கள். கிணற்றுக்குள் பேசியதுபோல ஒவ்வொரு சொல்லும் இழுத்துக்கொண்டே போகிறதா? வெறுஞ்சுவரிலும் தரையிலும் பட்டுத் திரும்பும் எதிரொலி அது. மின்விசிறியின் சீரான இரைச்சலை மென்பொருள் ஓரளவு குறைத்துவிடும். குரலோடு கலந்துவிட்ட எதிரொலியைப் பிரித்தெடுப்பதோ மிகக் கடினம். எவ்வளவு விலையுயர்ந்த மைக்கும் அதை அப்படியே பதிவுசெய்யும். மெத்தையும் கனத்த திரைச்சீலையும் துணி அடுக்கிய அலமாரியும் உள்ள அறைக்கு மாறி, அதே பகுதியை மறுபடி வாசியுங்கள். இந்த இரண்டாவது பதிவை அழிக்காதீர்கள்.

இரண்டாம் படி: மைக்

கண்டென்சர், டைனமிக் என இரு வகைகளைக் கடையில் காட்டுவார்கள். கண்டென்சர் நுண்ணிய ஒலிகளையும் பிடிக்கும். அமைதியான அறையில் அது அழகு. சாதாரண வீட்டு அறைக்கு டைனமிக் மைக்கையே சொல்வேன். அதற்குச் சத்தத்தை வடிகட்டும் தனித் திறன் ஏதும் இல்லை. வாயருகே வைத்துப் பேசுவதால் குரல் ஓங்கி, அறை பின்னுக்குப் போகிறது, அவ்வளவே. 'கார்டியாய்டு' வகையா என்று பாருங்கள். அது முன்பக்க ஒலியை நன்றாக வாங்கி, பின்பக்க ஒலியைப் பெரிதும் தவிர்க்கும். எனவே கணினியின் இரைச்சல் மைக்கின் முதுகுப் பக்கம் இருக்கட்டும்.

மூன்றாம் படி: இணைப்பு

தனியாகப் பேசுபவருக்கு யூஎஸ்பி மைக் போதும். ஒரே கம்பியில் வேலை முடிந்தது. ஒரே அறையில் இருவர் பேசினால் இரண்டு எக்ஸ்எல்ஆர் (மூன்று முனைச் செருகி உள்ள) மைக்குகளும், அவற்றைக் கணினியோடு இணைக்கும் பெட்டியான, இரண்டு மைக் உள்ளீடுகள் கொண்ட ஆடியோ இன்டர்ஃபேஸும் வேண்டும். பின்னாளில் விரிவாக்க நினைத்தால் சாம்சன் க்யூ2யூ போல இரண்டு இணைப்பும் உள்ள மைக்கை வாங்கலாம். புகழ்பெற்ற ஷூர் எஸ்எம்7பி மைக்கைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். அதற்குச் சுமார் 60 டெசிபல் பெருக்கம் (கெயின், அதாவது மைக்கின் மெல்லிய மின்குறியை வலுப்படுத்தும் அளவு) தேவை; சிறிய இன்டர்ஃபேஸ்கள் பல அதற்குத் திணறும்.

நான்காம் படி: துணைக் கருவிகள்

காதை முழுவதும் மூடும், கம்பியுள்ள ஹெட்போன் ஒன்று கட்டாயம் வேண்டும். புளூடூத்தில் ஒலி தாமதமாக வரும். மைக்கைக் கையில் பிடிக்காமலிருக்க ஒரு தாங்கி, பேசும்போது வாயிலிருந்து மைக்கில் மோதும் காற்றைத் தடுக்க ஒரு பாப் ஃபில்டர். இப்போதைக்கு வேறெதுவும் வேண்டாம்.

ஐந்தாம் படி: தூரமும் அளவும்

வாய்க்கும் மைக்குக்கும் 10 முதல் 15 செ.மீ. இடைவெளி விடுங்கள். தூரம் இரட்டிப்பானால் நேரடிக் குரல் சுமார் 6 டெசிபல் குறையும்; எதிரொலி ஏறக்குறைய அப்படியே நிற்கும். "அப்பா, பெரியப்பா" என்று சொல்லிப் பாருங்கள். பகர ஒலி மைக்கில் வெடித்தால், மைக்கைச் சற்றுப் பக்கவாட்டில் நகர்த்துங்கள். இலவச மென்பொருளான ஆடாசிட்டியில், சாம்பிள் ரேட் (நொடிக்கு எத்தனை முறை ஒலியை அளக்கிறது என்ற அமைப்பு) 48 கிலோஹெர்ட்ஸ் என வைத்துப் பதிவுசெய்யலாம். உரக்கச் சிரிக்கும்போதும் ஒலி அளவுமானி −6 டெசிபலைத் தாண்டாதபடி பெருக்கத்தைக் குறையுங்கள். 0-வைத் தொட்டால் ஒலி சிதையும். அதை முழுமையாகச் சீராக்க முடியாது.

இப்போது அதே ஒரு நிமிடப் பகுதியைப் புதிய மைக்கில் வாசித்து, எடுத்துவைத்த கைப்பேசிப் பதிவோடு ஒப்பிட்டுக் கேளுங்கள். வித்தியாசம் பெரிதாகத் தெரியவில்லை என்றால் மைக்கை மாற்றாதீர்கள். இன்னொரு போர்வையைத் தொங்கவிட்டு மறுபடி பதிவுசெய்யுங்கள்.